வெந்நீர்க் கிணற்றில் இறக்காத கோழி

விடுப்பவர்:
பூவம்மாள், வயது 34,
காலஞ்சென்ற கிணற்று மேஸ்திரி கன்னியப்பனின் மனைவி,
மணல்தோப்பு, ஆம்பூர் அருகில்,
வட ஆற்காடு ஜில்லா.

பெறுபவர்:
கனம் பொருந்திய கலெக்டர் அவர்கள்,
வட ஆற்காடு ஜில்லா,
வேலூர்.

பொருள்: மணல்தோப்பு தோல் ஷாப்பில் வெந்நீர் எடுப்பதற்காகத் துளை போட்ட கிணற்றில் 1934-ம் வருஷம் ஜனவரி மாதம் 24-ம் தேதி என் கணவர் விஷக்காற்றில் இறந்தது பற்றியும், அவர் குடிபோதையில் இறந்ததாகப் பொய்யாக எழுதப்பட்டது பற்றியும், வருகிற ஏப்ரல் 2-ம் தேதி அதே கிணற்றில் வேறு ஆட்களை இறக்கப் போகும் காண்டிராக்டர் ஆதிகேசவன் மேல் நடவடிக்கை கோரியும் மனு.

இணைப்பு: கறுத்துப்போன வெள்ளி அரைஞாண், ஒன்று.

மகா கனம் பொருந்திய ஐயா,

இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். முதலில் ஆம்பூரில் மனு எழுதிக் கொடுக்கும் ரைட்டர் ஒருவரிடம் போனேன். நான் ஒரு மணி நேரம் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏழை விதவையாகிய நான் தங்கள் பாதத்தில் விழுந்து அழுது" என்று ஆரம்பித்தார். நான் அழவில்லையே என்றேன். அழுதால்தான் மேலே இருப்பவர்கள் படிப்பார்கள் என்றார். கோழியைப் பற்றி எழுதச் சொன்னேன். சர்க்காருக்குப் போகிற காகிதத்தில் கோழி எல்லாம் வரக்கூடாது என்றார். அந்தக் காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வழக்கே கோழியில்தான் இருக்கிறது என்பதைத் தாங்கள் கீழே காண்பீர்கள்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காண்டிராக்டரை இந்த மனு முழுவதும் 'அவர்' என்றே எழுதியிருக்கிறேன். மனுவுக்கு மரியாதை வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். என் வாயில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது.

1. என் கணவர் கலவை ஊர்ப் பக்கத்தில் கிணறு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர். இந்த ஜில்லாவில் அவர் வெட்டிய கிணறுகள் அறுபதுக்கு மேல் இருக்கும். ஒன்றிலும் ஒரு ஆளுக்கு விரல்கூட நசுங்கியதில்லை. பயந்தவர் என்று அவரைக் கூலியாட்கள் கேலி செய்வார்கள். 'பயப்படறவன்தான் கெணத்துல எறங்கணும்' என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

2. மணல்தோப்பில் இஷ்தியாக் அகமது சாயபு தோல் ஷாப்பு நடத்துகிறார். தோல் பதனிட ஆவாரம்பட்டைச் சாறு இறக்க வெந்நீர் வேண்டும். வெந்நீருக்கு விறகு வேண்டும். விறகோ வரவர மலைக்குமேல்தான் கிடைக்கிறது. போன வருஷம் மதராஸிலிருந்து காண்டிராக்டர் ஆதிகேசவன் வந்து, பூமிக்குள்ளே ஆழமாகத் துளை போட்டால் வெந்நீர் தானே பொங்கி வரும், பாய்லரையே அணைத்துவிடலாம், வேறு தேசங்களில் ஆவியையே அப்படி எடுக்கிறார்கள் என்று சாயபுவிடம் சொன்னார். வேறு தேசத்தில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

3. ஐப்பசியில் வேலை ஆரம்பித்தது. முதலில் என் கணவரும் அவர் ஆட்களும் நாற்பத்திரண்டு அடிக்குக் கிணறு வெட்டினார்கள். பிறகு அந்தக் கிணற்றின் அடியிலிருந்து துளை. மேலே நீராவி என்ஜின், அதன் வடத்தில் தொங்கும் இரும்பு உளி. உளியைத் தூக்கித் தூக்கிப் பாறையில் போட வேண்டும். கீழே ஒரு ஆள் நின்று உளியைத் திருப்பிவிட்டு, சேற்றை வாரி வெளியே அனுப்ப வேண்டும். கீழே நிற்பவருடைய உயிர் மேலே இருப்பவருடைய புத்தியில் இருக்கிறது. என்ஜினைக் கவனித்தவர் ஜியாவுதீன் என்ற ஃபயர்மேன். அவர் புத்தியில் குறையில்லை.

4. துளையின் மேல் அறுபது அடிக்கு இரும்புக் குழாய் இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே களிமண்ணை இடித்து இறுக்க வேண்டும் என்பது காண்டிராக்டரே சாயபுவுக்கு எழுதிக் கொடுத்த ஏற்பாடு. பக்கவாட்டு வெடிப்புகளிலிருந்து கண்டதெல்லாம் துளைக்குள் வராமல் இருக்கத்தான் அந்தக் குழாய். அவர் இறக்கியது பன்னிரண்டு அடி. மீதிக் குழாய்கள் வண்டியேறி வேறு வேலைக்குப் போயின. என் கணவர் கேட்டதற்கு, பாறை கெட்டியாக இருக்கிறது, குழாய் எதற்கு என்றாராம்.

5. மார்கழியில் துளையில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. காண்டிராக்டர் ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் வைத்து நூற்று இரண்டு என்று கூவினார். மனுஷனுக்கு நூற்று இரண்டு ஏறினால் கஷாயம் வைப்போம். இவர் என்ஜினுக்கு மாலை போட்டார். சாயபு எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். என் கணவர் மட்டும் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தண்ணீர் பட்டைச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கிறதே என்று என்னிடம் சொன்னார்.

6. அதன் காரணத்தை அவரே கண்டுபிடித்தார். கிணற்றுக்கு நாற்பது தப்படி தூரத்தில் ஒரு மேடு இருக்கிறது. பழைய ஷாப்புக்காரர் காலத்தில் சாறு இறக்கிய சக்கைப் பட்டையையும், தோலில் சுரண்டிய ஜவ்வையும், மயிரையும் பெரிய பள்ளத்தில் கொட்டி மண் போட்டு மூடிய இடம் அது. மார்கழிக் குளிரில் மணல்தோப்பு நாய்கள் எல்லாம் அந்த மேட்டின்மேல்தான் போய்ப் படுக்கும். என் கணவர் விடியற்காலையில் அங்கே மண்ணைத் தோண்டிக் கையை வைத்துப் பார்த்தார். அடுப்பங்கரைச் சுவர் மாதிரி சுட்டது. உள்ளே அழுகிக்கொண்டிருக்கும் குப்பையின் சூடு அது. அந்த அழுகல் தண்ணீர்தான் பாறை வெடிப்பு வழியாக வெந்நீராக வந்துகொண்டிருந்தது. பூமிக்குள்ளே அடுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. இதை எங்கள் தெரு நாய்கள் கண்டுபிடித்திருந்தன. என்ஜினீர் என்று பலகை போட்டுக்கொண்டவர் கண்டுபிடிக்கவில்லை.

7. என் கணவர் இதைக் காண்டிராக்டரிடம் போய்ச் சொன்னார். வெடிப்பைக் குழாய் போட்டு அடைக்க வேண்டும், அழுகல் இருக்கிற இடத்தில் கெட்ட காற்றும் இருக்கும், கொல்லன் துருத்தி ஒன்று கொண்டுவந்து கிணற்றுக்குள் காற்று அடிக்க வேண்டும் என்று கேட்டார். ஒருமுறை அல்ல, மூன்று வாரத்தில் நான்கு முறை கேட்டார். சாயபுவிடம் இதைச் சொல்லக்கூடாது, சொன்னால் வேலை போய்விடும் என்று பதில் வந்தது. என் கணவர் சாயபுவிடம் சொல்லவில்லை. நானாவது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டேன். காண்டிராக்டர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் ஒரு பங்கு என் மேலும் இருக்கிறது.

8. ஜனவரி 23-ம் தேதி செவ்வாய்க்கிழமை, உளி திடீரென்று மூன்றடி தானாக இறங்கி ஒரு பொந்தில் மாட்டிக்கொண்டது. பொந்திலிருந்து வெந்நீர் குமுறி ஏறியது. அழுகின முட்டை நாற்றம் கிணறு முழுவதும் அடைத்தது. என் கணவர் ஆட்களை மேலே ஏற்றிவிட்டுத் தானும் ஏறிவிட்டார். காண்டிராக்டருக்கு ஒரே கொண்டாட்டம். வெந்நீர் ஊற்றுக்குக் கந்தக வாசனைதான் சாட்சி என்று சாயபுவுக்கு ஆள் அனுப்பி, நாளைக் காலையில் விருந்தாளிகளோடு வரும்படி சொன்னார். என் கணவர், நாளைக்குக் கோழி இறக்கிப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்கும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

9. கோழி இறக்குவது என்பதைத் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். சந்தேகமான கிணற்றில் கலவைப் பக்கத்து ஆட்கள் ஒரு கோழியைக் கூடையில் வைத்துக் கயிற்றில் அடிவரை இறக்குவார்கள். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் வைத்திருந்து தூக்குவார்கள். கோழி கொக்கரித்துக்கொண்டு வந்தால் ஆள் இறங்கலாம். தலை தொங்கி வந்தால் அந்தக் கிணற்றை அன்றைக்கு மூடிவிட வேண்டும். இது பலியும் அல்ல, ஜோசியமும் அல்ல. கோழி நம்மைவிடச் சீக்கிரம் சாகும் என்பது மட்டும்தான் கணக்கு. நான் முட்டைக்காக வளர்த்த புள்ளிப் பெட்டையை 24-ம் தேதி காலையில் நானே பிடித்துக் கூடையில் போட்டுக் கொடுத்தேன். ஒன்பது குஞ்சு பொரித்த கோழி அது. போனால் போகட்டும், நீங்கள் வந்தால் போதும் என்றேன்.

10. அன்று காலை நடந்ததை ஜியாவுதீன் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். கிணற்று மேட்டில் எல்லாரும் நின்றார்கள். முதலில் நாற்றம் தாங்கவில்லை. கண் எரிந்தது. அரை மணி நேரம் நின்றதும் நாற்றம் சுத்தமாக நின்றுவிட்டது. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு நாற்றம் பழகினது ஐயா. நாற்றம் இருந்தால் பயப்பட மாட்டார்கள், நின்றால் சந்தோஷப்படுவார்கள். 'காத்து சுத்தமாயிடுச்சு' என்று கை தட்டினார்களாம். வேறு எந்த ஊரிலும் இப்படிக் கை தட்டியிருக்க மாட்டார்கள். மூன்று மாதம் அங்கேயே இருந்த என் கணவருக்கும் மூக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. விளக்கை இறக்கிப் பார்த்தார், அணையவில்லை. அப்படியும் அவர் கூடையை எடுத்தார்.

11. காண்டிராக்டர் அந்தக் கூடையைப் பிடுங்கினார். விருந்தாளிகள் முன்னால் அவர் சொன்ன வார்த்தை: "இன்னாய்யா மேஸ்திரி, என்ஜின் ஓட்ற எடத்துல கோழி ஜோசியமா? பயமா இருந்தா வூட்டுக்குப் போ. கலவையில மேஸ்திரிங்களுக்கு இன்னா பஞ்சமா?" எல்லாரும் சிரித்தார்கள். சாயபுவும் சிரித்தார் என்று ஜியாவுதீன் மறைக்காமல் சொன்னார். காண்டிராக்டர் கோழியைத் தன் சமையல்காரனிடம் கொடுத்து, மத்தியானத்துக்குக் குழம்பு வை என்றார்.

12. என் கணவர் ஏன் இறங்கினார் என்று என்னைக் கேட்கிறார்கள். அவர் இறங்காவிட்டால் அவருடைய ஆட்களில் ஒருவனை இறக்கியிருப்பார்கள். அறுபது கிணறு வெட்டியவரை ஊர் முன்னால் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தால் அவருக்கும் ரோஷம் இருக்காதா? மாட்டிக்கொண்ட உளியை விடுவிக்க வாளியில் உட்கார்ந்து இறங்கினார். முப்பதடியில், "நாத்தமே இல்ல ஜியா, எறக்கு" என்று குரல் கொடுத்தார். அதுதான் அவர் கடைசியாகப் பேசினது. வாளி அடியைத் தொட்டது. அவர் வெளியே கால் வைத்தார். பிறகு கயிறு ஆடவில்லை.

13. ஜியாவுதீன் என்ஜினை நிறுத்திவிட்டு, ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். பாதியிலேயே மயங்கினார். இழுத்துப் போட்டார்கள், பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் அவருக்கு இருமல் நிற்கவில்லை, ஒரு கண் மங்கல். இந்த உண்மையைச் சொன்னதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் கூடப் பிறந்தவர்கள் செய்யாததை அவர் செய்தார் என்பதை இந்த மனுவில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

14. பிறகு துருத்தி வந்தது. மூன்று வாரமாகக் கிடைக்காத துருத்தி, ரோட்டோரக் கொல்லன் பட்டறையிலிருந்து, பிணத்தை எடுப்பதற்கு அரை மணியில் வந்தது. ஒரு மணி நேரம் காற்றடித்த பிறகு கொக்கி போட்டு அவரைத் தூக்கினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. உடல் இன்னும் கிணற்று மேட்டில்தான் கிடந்தது. காண்டிராக்டர் கூடாரத்துக்குப் பின்னால் புள்ளி இறகுகள் பறந்துகொண்டிருந்தன. என் கோழியின் இறகு எனக்குத் தெரியும் ஐயா. உள்ளே இலை போட்டிருந்தது. அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, விதி அம்மா என்றார்.

15. அன்று மாலை கிராம முன்சீப் வந்து விசாரித்து, காண்டிராக்டர் சொன்னபடியே எழுதினார். 'கன்னியப்பன் கள் குடித்துவிட்டுக் காற்றைச் சோதிக்காமல் இறங்கி மயங்கி விழுந்தான். கிணற்றுக் காற்றில் யாதொரு தோஷமும் இல்லை.' காண்டிராக்டர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் கணவர் சுத்தமான மனுஷர் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. பொங்கல் கரிநாளில் குடித்தார், பாட்டுக்கூடப் பாடினார். அது எட்டு நாளைக்கு முன்னால். 24-ம் தேதி காலையில் அவர் குடித்தது என் கையால் கொடுத்த கேழ்வரகுக் கூழ்.

16. உடலைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். அவர் இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாண் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தது. முந்தின நாள் பளபளவென்று இருந்தது. அதைக் கழற்றி வைத்துக்கொண்டு, காரியம் முடிந்ததும் வேலூருக்குப் போய் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினேன். அவர் பார்த்த உடனே சொன்னார். அழுகலிலிருந்து வருகிற ஒரு விஷக்காற்று வெள்ளியை இப்படிக் கறுக்க வைக்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். ஜாஸ்தியாக இருந்தால் முதலில் மூக்கைக் கொன்றுவிட்டுப் பிறகு ஆளைக் கொல்லும். நாற்றம் நின்றது காற்று சுத்தமானதால் அல்ல. விளக்கும் அதில் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். கோழியை இறக்கியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும் என்றும் அவரே சொன்னார். அரைஞாணை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கள் குடித்தால் மனுஷன் தள்ளாடுவான் ஐயா, வெள்ளி கறுக்காது.

17. சாயபு துக்கத்துக்கு வந்தார். அரிசி மூட்டையும் புடவையும் அனுப்பினார். வாய்க்கரிசிக்கு என் வீட்டில் அரிசி இருந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் கெட்டவர் அல்ல. வேலையை அன்றே நிறுத்தினார். ஆனால் வெந்நீர் ஆசை விடவில்லை. இன்னும் இருபது அடி போனால் ஊற்று என்று காண்டிராக்டர் சொல்ல, ஏப்ரல் 2-ம் தேதி மறுபடி ஆரம்பிக்கச் சம்மதித்திருக்கிறார். நெமிலியிலிருந்து மூன்று ஆட்கள் வந்து கூடாரத்தில் தங்கியிருக்கிறார்கள். நான் போய் எல்லாம் சொன்னேன். அவர்களில் பெரியவர், "நாங்க எறங்கலைன்னா வேற யாராவது எறங்குவாங்கம்மா, வயிறு கேக்குமா?" என்றார். புதுக் குழாய் ஒன்றுகூட வரவில்லை. துருத்தியும் இல்லை.

ஆகையால் தாங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது:

அ. என் கணவர் பெயரிலிருந்து 'குடித்துவிட்டு' என்ற சொல்லை அடித்து, அவர் எப்படி இறந்தார் என்பதை எழுத வேண்டும்.

ஆ. அறுபது அடிக் குழாய் முழுவதும் இறங்கி, கிணற்று மேட்டில் துருத்தி நிற்கும் வரையில், அந்தக் கிணற்றில் எந்த ஏழையையும் இறக்கக்கூடாது என்று உத்தரவு போட வேண்டும். ஜியாவுதீனை மறுபடி வேலைக்கு வைக்க வேண்டும்.

இ. காண்டிராக்டர் ஆதிகேசவன் மேல் வழக்குப் போட வேண்டும். எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம். மன்னிக்கிற மனசு வர வேண்டும் என்று பாதிரியார் அம்மாகூட ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். வரவில்லை. வரும் என்று நான் காத்துக்கொண்டிருக்கவும் இல்லை. இது நியாயம் கேட்கிற மனு மட்டும் அல்ல, பழி கேட்கிற மனு என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஈ. வழக்குக்கு நாளாகும், சாட்சி வேண்டும், மதராஸிலிருந்து வக்கீல் வருவார் என்று சொல்கிறார்கள். அப்படியானால் இந்த ஒன்றையாவது செய்யுங்கள். ஏப்ரல் 2-ம் தேதி காலையில் தாங்களாவது, தங்கள் அதிகாரி ஒருவராவது மணல்தோப்புக்கு வர வேண்டும். கிணற்றுக் காற்றில் யாதொரு தோஷமும் இல்லை என்று கையெழுத்துப் போட்டவர் காண்டிராக்டர்தானே. நெமிலி ஆட்களுக்கு முன்னால் அவரே அந்த வாளியில் உட்கார்ந்து இறங்கட்டும். அடியில் ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரம் நிற்கட்டும். அவர் கையெழுத்துப் போட்டது உண்மையானால் சுகமாக ஏறி வருவார். நான் அவர் காலில் விழுந்து இந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உண்மை இல்லையானால் அவர் வாளியில் கால் வைக்க மாட்டார். கிணற்று மேட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். சாயபுவும், அன்றைக்குச் சிரித்த விருந்தாளிகளும், ஷாப்பு ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்கையில், எனக்கு முன்னால் ஒரு கோழியை இறக்குங்கள் என்று தன் வாயால் கேட்பார். அந்த ஒரு வார்த்தையை ஊரெல்லாம் கேட்க வேண்டும். அதைத் தங்கள் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வேறு சாட்சி தேவைப்படாது.

கோழிக்கு அவர் வேறு எங்கேயும் போக வேண்டாம். புள்ளிப் பெட்டையின் குஞ்சுகளில் இரண்டைப் பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று, ஏழு வளர்ந்திருக்கின்றன. ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு அன்று காலையில் நான் கிணற்று மேட்டில் நிற்பேன். அவர் கேட்டதும் கொடுப்பதா வேண்டாமா என்பதை அங்கே நின்றுதான் முடிவு செய்வேன்.

தேதி: 12 மார்ச் 1934
இடம்: மணல்தோப்பு

தங்கள் பதிலுக்கு ஏப்ரல் 2-ம் தேதி காலை வரை காத்திருக்கும்,

(ஒப்பம்) க. பூவம்மாள்

மேலே 10, 11, 12, 13-ம் பத்திகளில் எழுதியிருப்பது நான் கண்ணால் கண்டது. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது.
(ஒப்பம்) ஜியாவுதீன், முன்னாள் ஃபயர்மேன்